குமரிக் கரையிலிருந்து ஜப்பானியச் சொல்லுக்கு: ஒரு இடைமொழி வரலாறு

ஜப்பானியச் சொல்லுக்கு ஐரோப்பிய மொழியொன்றில் பொருள் எழுதி, அந்தப் பொருளை மனப்பாடம் செய்து மொழியைப் படிக்கும் முறைக்கு ஏறத்தாழ நானூற்று எழுபது ஆண்டு வயது. முதலில் போர்த்துக்கீசியம் அந்த இடைமொழியாக இருந்தது. பிறகு டச்சு வந்தது, அதன் பிறகு ஆங்கிலம். இன்று நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஜப்பானிய மொழி கற்க உட்காரும் மாணவர் கையில் இருக்கும் சொற்பட்டியலில் ஒரு பத்தி ஜப்பானியம், ஒரு பத்தி ரோமன் எழுத்து, மூன்றாவது பத்தி ஆங்கிலம். தமிழ் இருந்தால் அது மாணவரே பேனாவால் ஓரத்தில் எழுதியதாக இருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு வித்திட்டவர்களில் முதலாமவர் ஜப்பானுக்குப் போவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் குமரிக் கரையில்தான் வேற்றுமொழியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்.

அவர் பிரான்சிஸ் சவேரியார். 1542இல் கோவாவுக்கு வந்து, அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு இறங்கியவர். அவருக்குத் தமிழ் தெரியாது; கரையில் இருந்த பரதவர்களில் மிகச் சிலருக்கே போர்த்துக்கீசியம் தெரியும். இரண்டு மொழியும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து, பல நாள் முயன்று, செபங்களைத் தமிழாக்கச் செய்தார். அவற்றை ஒலியாக மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைத் திரட்டிச் சொல்லிக் கொடுத்தார். 1544இன் கடைசி மாதங்களில் திருவிதாங்கூர்க் கரையில், இன்றைய குமரி மாவட்டத்தின் முக்குவர் ஊர்களில், ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாக 1545 ஜனவரி 27 தேதியிட்ட கடிதத்தில் எழுதினார். கோட்டாற்றில் அவர் பெயரால் நிற்கும் பேராலயம் அந்த நினைவைச் சுமக்கிறது.

எண்ணிக்கை பெரிது. ஆனால் சொல்லிக் கொடுத்த பாடம் எப்படி இருந்தது என்பதற்கு அவருடைய கடிதமே சாட்சி. தோழர் மான்சில்யாசுக்கு 1544இல் எழுதும்போது, விசுவாச அறிக்கையில் 'எனக்கு வேணும்' என்று சொல்லிவந்த இடத்தை மாற்றி 'விசுவாசம்' என்ற சொல்லை வைக்கும்படி கேட்டுக்கொள்கிறார். 'நம்புகிறேன்' என்று அறிக்கையிட வேண்டிய இடத்தில், ஊர் ஊராகக் கூடிய மக்கள் 'எனக்கு வேணும்' என்று ஓதியிருக்கிறார்கள். இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு மொழியும் அரைகுறை. சொன்னவருக்குத் தமிழ் தெரியாது. கேட்டவர்களுக்கு மூலம் தெரியாது. யார் கண்ணிலும் பிழை படாதது வியப்பல்ல. மொழிபெயர்ப்பாளர் அருகில் இல்லாத நாட்களில் தாம் சொல்வது மக்களுக்கும் மக்கள் சொல்வது தமக்கும் புரியாத நிலையை அவர் அதே ஆண்டுக் கடிதங்களில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

1547 டிசம்பரில் மலாக்காவில் ஆஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சவேரியார் சந்தித்தார். ஆஞ்சிரோவுக்குக் கொஞ்சம் போர்த்துக்கீசியம் வந்தது. 1548இல் கோவாவில் ஞானஸ்நானம் பெற்று பவுலோ என்ற பெயருடன் அங்கேயே படித்தார். 1549 ஆகஸ்ட் 15 அன்று இருவரும் காகோஷிமாவில் இறங்கினார்கள். குமரிக் கரையில் கையாண்ட அதே முறைதான் அங்கும்: மறையுரையை ஆஞ்சிரோ ஜப்பானியத்தில் ஆக்கினார், அது ரோமன் எழுத்தில் எழுதப்பட்டது, சவேரியார் தெரு முனையில் நின்று அதை வாசித்தார். கடவுள் என்பதற்கு ஆஞ்சிரோ தேர்ந்த சொல் 'தைனிச்சி'. அது ஷிங்கோன் பௌத்தத்தில் மகா வைரோசன புத்தரின் பெயர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஒரு கிறிஸ்தவ மதகுரு தெருவில் நின்று புத்தரை வணங்கச் சொல்லிக் கொண்டிருந்தார். ஷிங்கோன் துறவிகளும் தம்மவர் என்றே அவரை வரவேற்றார்கள். 1551இல் யமகுச்சியில் விஷயம் வெளியானதும் அந்தச் சொல்லைக் கைவிட்டு, 'தேவுசு' என்ற லத்தீன் சொல்லையே அப்படியே வழங்கச் செய்தார். தமிழில் நேர்ந்ததும் ஜப்பானியத்தில் நேர்ந்ததும் ஒரே வகைத் தவறு என்பதையும், இரண்டு இடத்திலும் திருத்தம் வேற்றுமொழிச் சொல்லைக் கடன் வாங்குவதில் முடிந்ததையும் கவனிக்க வேண்டும்.

இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகுதான் சவேரியாரின் ஏசு சபையார் அகராதி, இலக்கணம் என்று முறையாக இறங்கினார்கள். தமிழ்ப் பக்கத்தில் அதைச் செய்தவர் அன்றிக்கு அடிகளார் எனப்படும் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், லத்தீன் இலக்கணச் சட்டத்தில் வைத்துத் தமிழைக் கற்று, தமிழ் இலக்கணம் ஒன்றைப் போர்த்துக்கீசியத்தில் எழுதினார். 1554இல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்யா' என்னும் செபநூல் தமிழை ரோமன் எழுத்தில் தந்து, வரியிடையே சொல்லுக்குச் சொல் போர்த்துக்கீசியப் பொருளைச் சிற்றெழுத்தில் வைத்தது. இன்றைய சொற்பட்டியலின் மூன்று பத்திகளில் இரண்டு அந்தப் புத்தகத்திலேயே வந்துவிட்டன. 1578 அக்டோபரில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சேறியது.

அச்சில் தமிழ் முந்திக்கொண்டது. அகராதியில் ஜப்பானியம் முந்திக்கொண்டது. இந்தியாவையும் ஜப்பானையும் சேர்த்து மேற்பார்வையிட்ட அலெஸ்ஸாந்த்ரோ வாலிஞானோ ஏற்பாடு செய்த அச்சு இயந்திரம் கோவா வழியாக 1590இல் கியூஷூ தீவை அடைந்தது. 1595இல் அமகுசாவில் லத்தீன்–போர்த்துக்கீசியம்–ஜப்பானிய அகராதி வெளிவந்தது. 1603–04இல் நாகசாகியில் வெளிவந்த 'நிப்போ ஜிஷோ' என்னும் ஜப்பானிய–போர்த்துக்கீசிய அகராதியில் சுமார் 32,000 சொற்கள். அது வெறும் பட்டியல் அல்ல. ஒரு சொல் கியோத்தோப் பக்கத்து வழக்கா, கியூஷூ வழக்கா என்று குறி போட்டிருக்கிறது; பெண்கள் பேசும் சொல், கவிதையில் வரும் சொல், கொச்சைச் சொல் என்று பிரித்துக் காட்டுகிறது. தைனிச்சியால் சூடுபட்ட சபை, எந்தச் சொல் யார் வாயில் எங்கே வழங்குகிறது என்று தெரியாமல் எடுக்கக்கூடாது என்ற பாடத்தை நன்றாகவே கற்றிருந்தது. 400 ஆண்டு கழித்து, அக்கால ஜப்பானியப் பேச்சு எப்படி ஒலித்தது என்று அறிய ஜப்பானிய அறிஞர்களே அந்நியருக்காக எழுதிய இந்த நூலைப் புரட்டுகிறார்கள்.

தமிழுக்கு இதற்கு இணையான அச்சு அகராதி 1679இல்தான் வந்தது. அந்தாம் தெ புரோயென்சா தொகுத்து, அவர் இறந்த பிறகு கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அது. அதன் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்ததைச் சேவியர் தனிநாயகம் அடிகள் எடுத்து 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார்.

அடுத்த இடைமொழி டச்சு. 1741 ஆகஸ்டில் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை வென்றதும், பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி தெலனாய் பிறகு திருவிதாங்கூரின் தளபதியானதும் குமரி மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. உதயகிரிக் கோட்டையில் உள்ள அவருடைய கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன; டச்சு இல்லை. குளச்சலோடு டச்சு மொழி இந்தக் கரையில் வேரூன்றும் வாய்ப்புப் போயிற்று. ஜப்பானில் நிலைமை நேர்மாறு. கிறிஸ்தவமும் போர்த்துக்கீசியரும் விலக்கப்பட்ட பின், நாகசாகியின் தெஜிமா தீவில் வணிகம் செய்ய ஐரோப்பியரில் டச்சுக்காரருக்கு மட்டும் இடம் கிடைத்தது. மருத்துவம், வானியல், பீரங்கி என எல்லா மேற்கத்திய அறிவும் ஜப்பானியருக்கு டச்சு வழியே வந்தது. 1796இல் இனாமுரா சன்பாகு தொகுத்த டச்சு–ஜப்பானிய அகராதிக்கு அடிப்படை ஹல்மாவின் டச்சு–பிரெஞ்சு அகராதி. பிரெஞ்சுப் பொருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜப்பானியத்தை வைத்தார்கள். 1862இல் ஹோரி தத்சுனோசுகே வெளியிட்ட ஆங்கில–ஜப்பானியக் கையகராதியும் அதே வகையில் பிக்கார்டின் ஆங்கில–டச்சு அகராதியிலிருந்து எடுக்கப்பட்டது. ஆங்கிலச் சொல் ஜப்பானியத்துக்குள் நுழைந்ததே டச்சு வாசல் வழியாகத்தான்.

அதே 1862இல் சென்னையில் வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கிலப் பேரகராதி வெளிவந்தது. 67,000க்கும் மேற்பட்ட சொற்கள். அதற்குள் நாஞ்சில் நாட்டில் ஆங்கிலம் அரை நூற்றாண்டு வயதை எட்டியிருந்தது. லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806இல் ஆரல்வாய்மொழி வழியாக வந்து மயிலாடியில் தங்கினார். 1809இல் அங்கே ஆலயம் எழும்பியது. அவருக்குப் பின் வந்த மீட், மால்ட் காலத்தில் நாகர்கோவிலில் செமினரியும், 1820களின் தொடக்கத்தில் அச்சகமும் அமைந்தன. அந்த செமினரிதான் பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. கோயில் தெருவிலும் வயல் வரப்பிலும் தமிழ், கச்சேரியிலும் அரசாணையிலும் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் புழங்கும் பழக்கம் 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழகத்தோடு சேரும் வரை இங்கே இயல்பாக இருந்தது. இடைமொழி வழியே படிப்பது இந்த ஊர்க்காரருக்குப் புதிதல்ல.

நாகர்கோவிலுக்கு ஆளனுப்பிய அதே லண்டன் மிஷன் சங்கம்தான் ஜப்பானியச் சொல்லுக்கு ஆங்கிலப் பொருள் எழுதும் வேலையையும் தொடங்கி வைத்தது. சங்கத்தின் அச்சுத் தொழிலாளியாகக் கீழை நாடுகளுக்குப் புறப்பட்ட வால்டர் மெட்ஹர்ஸ்ட், 1830இல் பட்டாவியாவில் ஆங்கில–ஜப்பானியச் சொற்கோவை ஒன்றைக் கல்லச்சில் வெளியிட்டார். அவர் ஜப்பானில் கால் வைத்ததே இல்லை. நாகசாகி போய் வந்த டச்சுக்காரரிடம் புத்தகம் இரவல் வாங்கியே செய்தார்.

அமெரிக்க மருத்துவ மிஷனரி ஜேம்ஸ் ஹெப்பர்ன் 1859இல் கனகாவா வந்தார். நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டுச் சொல் சேர்த்தார். கிஷிதா கின்கோ என்ற இதழாளர் துணை நின்றார். ஜப்பானில் அச்சு வசதி இல்லாததால் 1867இல் ஷாங்காயில் அச்சான அவருடைய ஜப்பானிய–ஆங்கில அகராதியில் 20,000க்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. தமக்கு முன் கைக்குக் கிடைத்தவை இரண்டே நூல்கள் என்று முன்னுரையில் சொல்கிறார்: மெட்ஹர்ஸ்டின் சிறு சொற்கோவை, ஏசு சபையாரின் 1603 அகராதி. சவேரியாரின் சபையும் மயிலாடிக்கு ஆளனுப்பிய சங்கமும் ஹெப்பர்னின் மேசையில் அடுத்தடுத்து இருந்தன. 1886இல் வந்த மூன்றாம் பதிப்பின் ரோமன் எழுத்துமுறை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. ஜப்பானியம் தொடங்கும் தமிழ் மாணவர் முதல் வாரம் படிப்பது அந்த எழுத்தில்தான்.

அதனால் ஒரு சிறு இழப்பு உண்டு. ஜப்பானியக் கானா எழுத்துகளின் வரிசை, பௌத்தத் துறவிகள் வழி போன சமஸ்கிருத எழுத்து வரிசையைத் தழுவியது. அ, இ, உ, எ, ஒ என்று உயிர் ஐந்து. பிறகு க, ச, த, ந என்று வரிசை போகும். அரிச்சுவடி படித்த எவருக்கும் இது ஒரே பார்வையில் பிடிபடும். ஏ, பி, சி வரிசையில் அடுக்கிய பட்டியலில் அந்த உறவு கண்ணுக்கே தெரிவதில்லை.

ஜப்பானிய இலக்கியமும் தமிழுக்கு ஆங்கிலப் படகில்தான் வந்தது. 1916 அக்டோபரில் பாரதி சுதேசமித்திரனில் ஹைக்கூவை அறிமுகம் செய்து எழுதியது 'மாடர்ன் ரிவ்யூ'வில் வந்த ஆங்கிலக் கட்டுரையைப் படித்துத்தான். தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பாரசீகத்து உமர் கய்யாமைப் பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம் வழியாகவும், புத்தர் வரலாற்றை எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலம் வழியாகவும் தமிழாக்கினார். நாஞ்சில் நாட்டு வாசகருக்கு அது குறையாகவே தோன்றவில்லை, கவிமணியின் தமிழ் அப்படி. அந்த ஆர்னால்டு பிற்காலத்தில் ஜப்பானில் வாழ்ந்து ஜப்பானியப் பெண்ணையே மணந்தவர்.

ஜப்பானியமும் தமிழும் இடைமொழியின் மேசையில் நேருக்கு நேர் வைக்கப்பட்டது 1980ஐ ஒட்டி. தோக்கியோவின் ககுஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓனோ சுசுமு, பழஞ்ஜப்பானிய அகராதி ஒன்றைத் தொகுத்தவர். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் ஒலி ஒப்புமை உண்டு என்று 1980இல் நூல் வெளியிட்டார். சென்னையில் பொற்கோவும், யாழ்ப்பாணத்திலிருந்து சண்முகதாஸ்–மனோன்மணி இணையரும் அவருடன் பணியாற்றினர். நெல் வேளாண்மைச் சொற்களை அவர் முக்கியச் சான்றாக வைத்தார். தைப்பொங்கலுக்கும் ஜனவரி 15ஐ ஒட்டிய ஜப்பானியச் சிறு புத்தாண்டுச் சடங்குகளுக்கும் ஒப்புமை காட்டினார். ஆனால் அவர் கருவி பரோ–எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. அதில் பொருள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்ச் சொல்லுக்கு ஒரு ஆங்கிலப் பொருள், ஜப்பானியச் சொல்லுக்கு ஒரு ஆங்கிலப் பொருள், இரண்டும் ஒட்டினால் உறவு என்று எடுக்கும்போது, அகன்ற ஆங்கிலச் சொல் எதை வேண்டுமானாலும் எதோடும் ஒட்டவைக்கும். மொழியியலாளர் பெரும்பாலோர் அவருடைய முடிவை ஏற்கவில்லை. சொற்பிறப்பில் அது சரியான தீர்ப்புதான்.

பிறப்பு உறவு நிலைநாட்டப்படாவிட்டாலும் அமைப்பு ஒற்றுமை உறுதியானது. இரண்டிலும் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலப் பொருளை மட்டும் வைத்துப் படிக்கும் தமிழர் இழப்பது இதைத்தான். நாஞ்சில் நாட்டுக்குப் பழகிய ஒரு சொற்குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ சாகுபடி செய்யும் ஊரில் நெல்லும் அரிசியும் சோறும் வெவ்வேறு. ஜப்பானியத்திலும் வயலில் நிற்பது 'இனே', உமியோடு இருப்பது 'மோமி', உமி நீங்கியது 'கோமே', வெந்து தட்டுக்கு வந்தது 'கோஹான்'. ஆங்கிலப் பத்தியில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் நிற்கும். பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்தவர் கடையில் போய்ச் சோறு ஐந்து கிலோ கேட்பார்.

உறவுமுறையும் அப்படியே. அண்ணன் 'அனி', தம்பி 'ஒதோதோ', அக்கா 'அனே', தங்கை 'இமோதோ'. தமிழில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல். ஆங்கிலத்திலோ மூத்த, இளைய என்று அடைமொழி சேர்த்து நீட்ட வேண்டியிருக்கிறது. சுட்டில் 'கோரே, சோரே, அரே' என்று மூன்று. இது, உது, அது என்று யாழ்ப்பாணத்தார் இன்றும் பேசுவதற்கு ஏறத்தாழ இணை. ஆங்கிலத்துக்கு இரண்டே உண்டு.

வினையில் ஒற்றுமை இன்னும் நுட்பம். 'மிரு' என்றால் பார். 'தபேதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'ஒகு' என்றால் வை. 'கத்தே ஒகு' வாங்கி வை. முயற்சி செய், முன்கூட்டியே செய் என்று ஆங்கில விளக்கம் சுற்றி வளைக்கிற இடத்தில் தமிழர் நேராக நடந்துவிடலாம். கொடுக்கல் வினையும் கவனிக்கத்தக்கது. எனக்குத் தருவது 'குரேரு', பிறருக்குக் கொடுப்பது 'அகேரு'. தன்மைக்கும் முன்னிலைக்கும் தருதல், படர்க்கைக்குக் கொடுத்தல் என்று தொல்காப்பியம் வகுத்தது. மலையாளத்தில் அந்த வேறுபாடு இன்றும் உறுதியாக இருக்கிறது. எனக்குத் தா, அவனுக்குக் கொடு என்று இயல்பாகப் பேசும் குமரி மாவட்டத்தாருக்கு இது எளிது.

தமிழும் முழுக்கக் கைகொடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 'உனக்குத் தருகிறேன்' என்பதில் தமிழ் 'தா'வை எடுக்கும், ஜப்பானியமோ 'அகேரு'வை எடுக்கும். இருக்கிறது என்பதற்கு மனிதருக்கும் விலங்குக்கும் 'இமாசு', மற்றவைக்கு 'அரிமாசு'. தமிழில் நாய் அஃறிணை; அந்தக் கணக்கில் 'அரிமாசு' போட்டால் தவறு. நாய்க்கு 'இமாசு'தான்.

இடைமொழி வழி, நேர் வழி இரண்டையும் திருக்குறளின் பயணம் காட்டுகிறது. மட்சுனாகா ஷூஸோ 1981இல் குறளை ஜப்பானியத்தில் வெளியிட்டது ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக. தகஹாஷி தகானோபு 1999இல் தமிழிலிருந்தே நேராக மொழிபெயர்த்தார். அடுத்த ஆண்டின் முதல் நாள் குமரிமுனையில் 133 அடி வள்ளுவர் சிலை திறக்கப்பட்டது.

இலக்கிய ஆர்வத்தைவிடப் பிழைப்பே இன்று ஜப்பானிய மொழிக்கு ஆள் சேர்க்கிறது. 2017இல் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்துக்கும், 2021 ஜனவரியில் குறிப்பிட்ட திறன் பெற்ற தொழிலாளர் திட்டத்துக்கும் இந்தியாவும் ஜப்பானும் உடன்படிக்கை செய்தன. முதியோர் பராமரிப்பு வேலை அதில் ஒரு பெரிய பிரிவு. 1838இல் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது முதல் செவிலியத்தைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் நிறைந்த மாவட்டத்துக்கு இது அந்நியமான துறை அல்ல.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984இல் தொடங்கி, 2010 முதல் என்5இலிருந்து என்1 வரை ஐந்து நிலைகளில் நடக்கிறது. பழைய முறையில் கடைநிலைக்கு சுமார் 800 சொல், உச்சநிலைக்கு சுமார் 10,000 சொல் என்று வரையறை இருந்தது. 2010க்குப் பிறகு அதிகாரபூர்வச் சொற்பட்டியல் வெளியிடப்படுவதில்லை. கடைகளில் கிடைக்கும் ஆங்கிலப் பொருள் பட்டியல்கள் பழைய வரையறையையும் முந்தைய தேர்வுகளையும் பார்த்து யாரோ தொகுத்தவை. தமிழ்நாட்டில் தேர்வு சென்னையில் நடக்கிறது. அந்தத் தேர்வின் சொல்வளப் பகுதியில் ஆங்கிலத்தில் பொருள் கேட்கும் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. பொருளைச் சோதிக்கும் கேள்வியில் ஒரு ஜப்பானியச் சொல்லையோ வாக்கியத்தையோ கொடுத்து, ஏறத்தாழ அதே பொருள் தரும் இன்னொரு ஜப்பானியச் சொல்லையோ வாக்கியத்தையோ தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்.